விளாங்குடி ஷெட்டில் தண்ணீர் ஊற்றியவள்

முத்திருளனைக் கொன்றது ஒரு மூடி. பஸ்ஸின் மூக்குக்கு மேல், ரேடியேட்டர் தொட்டியின் வாயில் திருகி வைத்திருக்கிற பித்தளை மூடி.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குத் திரும்புகிற வழியில், சமயநல்லூருக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், விசிறியைச் சுற்றுகிற தோல்வார் அறுந்துபோய் என்ஜின் கொதித்துவிட்டது. வண்டியில் ராமேஸ்வரம் ரயிலைப் பிடிக்கப் போகிற ஒரு பெரிய குடும்பம் இருந்தது. ஆளாளுக்கு இறங்கி நின்று அவசரப்படுத்தினார்கள். முத்திருளன் சாக்கை நாலாக மடித்து மூடியின் மேல் போட்டுத் திருகினான். மூடி கழன்ற வேகத்தில் கொதிநீரும் ஆவியும் அவன் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் அடித்தன.

கொதிக்கிற வண்டியின் மூடியைத் தொடக் கூடாது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. எத்தனையோ தரம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி குடித்து, அது ஆறின பிறகே எழுந்து போனவன் அவன். ஜனங்கள் கத்தினால், "கத்துங்க, கத்துங்க, ஒங்களுக்கும் ஆறட்டும்" என்பான். அன்றைக்கு மட்டும் ஏன் கை வைத்தான் என்று யாருக்கும் தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் அவனை வாழையிலை மேல் கிடத்தியிருந்தார்கள். மனைவி செல்லக்கிளி பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் கண் இரண்டும் மூடி வீங்கியிருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

"வண்டிய யாரு கொண்டாந்து சேத்தா?" என்று கேட்டான்.

"தெரியல" என்றாள்.

அவ்வளவுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. புண் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, ஒரு வெள்ளிக்கிழமை விடியும்போது அவன் போய்விட்டான்.

சாவு வீட்டில் செல்லக்கிளி அழவில்லை. மாமியார் சோலையம்மாள் தெருவே திரளும்படி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். ஒற்றை மகனைப் பறிகொடுத்தவள். மற்றப் பெண்கள் செல்லக்கிளியின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "அழுதுரு ஆத்தா. உள்ளுக்குள்ளயே வச்சா நெஞ்சடைச்சுப் போயிரும்" என்றார்கள். செல்லக்கிளி தலையை ஆட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒருத்தியின் கால் மெட்டி தளர்ந்து நகத்துக்கு நேராக வந்திருந்தது. இப்போது கழன்று விழும், இப்போது விழும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாலியை அறுத்தபோதுகூட யாருக்கோ செய்கிற மாதிரிதான் இருந்தது. குழந்தை குட்டி இல்லாதது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்தாள்.

கருமாதி முடிந்த மறுவாரம் பஸ் முதலாளி மலையாண்டி வந்தார். பருத்தி வியாபாரம் செய்து இரண்டு பஸ் வாங்கி, விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டின் மேலேயே தகர ஷெட் போட்டிருந்தவர். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"ஏம்மா, ஷெட்டுல வண்டிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தவன் பட்டாளத்துக்குப் போயிட்டான். நீ வாரியா? ஒன்னால ஆகும். பேயாண்டி இருக்காரு, என்ன செய்யணும்னு சொல்லுவாரு."

"வாரேன்."

உள்ளேயிருந்து சோலையம்மாள் அவிழ்ந்த தலையோடு ஓடிவந்தாள். "எம்புள்ளய அவிச்ச வண்டிக்கா நீ தண்ணி ஊத்தப் போற?"

"ஆமாத்தை" என்றாள் செல்லக்கிளி. கோபத்தில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

மெக்கானிக் பேயாண்டி அதிகம் பேசாதவர். காதில் ஒரு துண்டு பென்சிலும் வாயில் வெற்றிலையுமாக வண்டிக்கு அடியிலேயே கிடப்பார். செல்லக்கிளியின் வேலை விடியற்காலையில் தொடங்கும். ஷெட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் சுண்ணாம்புப் பற்றுப் பிடித்துத் தண்ணீர் ஓடாமல் போய்விடும். ஆகவே ஊருணியிலிருந்து குடம் குடமாகச் சுமந்துவந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, இரண்டு வண்டிக்கும் ஊற்ற வேண்டும். ரேடியேட்டரின் முன்பக்கம் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்களாக இருக்கும். பருத்தி வண்டிகள் போகிற ரோடு அது. கண்களில் பஞ்சு அடைத்துக்கொள்ளும், தும்பியும் வெட்டுக்கிளியும் ஒட்டிக்கொண்டு காய்ந்து கிடக்கும். ஈர்க்குச்சி வைத்து ஒவ்வொன்றாக நோண்டி எடுப்பாள். ரப்பர் குழாயை அமுக்கி, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். விசிறி வாரை விரலால் அழுத்திப் பார்ப்பாள். அது முத்திருளனின் வண்டியில் அறுந்த வார் இல்லை, புதுசு. ஆனாலும் அழுத்திப் பார்ப்பாள். மாதத்துக்கு ஒருமுறை சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, வண்டியை ஓடவிட்டு, பிறகு அடியில் இருக்கிற குழாயைத் திறந்து துருவும் சுண்ணாம்புமாக வருகிற அழுக்குத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசிவிட வேண்டும்.

முதல் நாள் அந்த மூடியைத் திருகித் திறக்கிறபோது பேயாண்டி வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி அவளைப் பார்த்தார். அவள் மூடியைக் கழற்றி, துடைத்து, பக்கத்தில் வைத்துவிட்டுக் குடத்தைச் சாய்த்தாள். அவர் தலையை இழுத்துக்கொண்டார். செல்லக்கிளிக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

முத்திருளன் ஓட்டிய வண்டியை இப்போது கருத்தக்கண்ணன் ஓட்டினான். ஆனையூர்க்காரன், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், மூன்று பெண்களைப் பெற்றவன். அவளைத் 'தங்கச்சி' என்பான். அவள் 'அண்ணே' என்பாள். வேலை விஷயம் தவிர வேறு பேச்சு இருக்காது.

இப்படியே நாட்கள் போயின. நாள் போவது அவளுக்குத் தெரிந்தது, மாதம் போவது தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் சோலையம்மாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒருமுறை மகன் பேரைச் சொல்லி அழுவாள். செல்லக்கிளி சோறு வடிப்பாள். "கல்லு நெஞ்சுக்காரி" என்பாள் மாமியார். அவள் கஞ்சியை ஆற்றிக் கொடுப்பாள். நாமும் அழுதால் நல்லதுதான் என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பாள். கிணற்றுக்குள் வாளியை விட்டு இழுத்தால் வெறும் வாளி மேலே வருகிற மாதிரி இருக்கும்.

ஜெர்மன்காரனோடு நடந்த சண்டை முற்றியது. பெட்ரோல் கிடைக்காமல் போனது. மலையாண்டி இரண்டு வண்டிக்கும் பின்னால் பெரிய இரும்புப் பீப்பாய் மாட்டி, கரியை எரித்து, அதில் வருகிற கேஸில் ஓட்டும்படி செய்தார். கரி கேஸில் வண்டிக்கு இழுவை பத்தாது. மேடு ஏறினால் திணறும், திணறினால் கொதிக்கும். போதாக்குறைக்கு முத்திருளனின் பழைய வண்டியில் ரேடியேட்டர் பல இடங்களில் கசியத் தொடங்கியது. புதுசு வாங்க மதராஸில்கூடக் கிடைக்கவில்லை. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஒரு இடம் அடைபட்டு, பக்கத்தில் இன்னொரு இடம் விட்டுக்கொள்ளும்.

ஒரு நாள் பேயாண்டி யோசித்துவிட்டு, "ரெண்டு கை மஞ்சப்பொடியக் கரைச்சு ஊத்து, ஆத்தா" என்றார். "சின்ன ஓட்டையெல்லாம் அடச்சுக்கும். கொஞ்ச நாளைக்குத் தாக்குப் பிடிக்கும்."

அப்படியே ஆயிற்று. கசிவு நின்றது. ஆனால் வண்டி ஓடுகிற குலுக்கலில் நாலு நாளில் மறுபடி விட்டுக்கொள்ளும், மறுபடி கரைக்க வேண்டும். வாளியில் கட்டி தட்டாமல் கரைக்கக் கையைவிட்டுத்தான் கலக்க வேண்டும். செல்லக்கிளியின் கை முழங்கை வரைக்கும் மஞ்சளாகிவிட்டது. நகக்கண்ணெல்லாம் மஞ்சள். குழம்புக்கு மஞ்சள் அரைக்கிற கையை யாரும் கவனிப்பதில்லை. இது கல்யாணப் பெண்ணின் கை மாதிரி இருந்தது. வெள்ளைச் சேலைக்காரி இந்தக் கையோடு தெருவில் நடந்து போகிறபோது பெண்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். சோலையம்மாளும் பார்த்தாள். சாம்பலை எடுத்துக் கொடுத்து, "தேச்சுக் கழுவு" என்றாள். செல்லக்கிளி தேய்த்தாள். போகவில்லை.

அடுத்த சித்திரைக்கு முன்னால், நல்ல உச்சி வெயிலில் ஒரு நாள், கருத்தக்கண்ணன் புகையாக ஆவி விடுகிற வண்டியை ஷெட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வண்டி நிறைய ஆட்கள். மதுரைக் கச்சேரியில் வழக்கு இருக்கிற ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "நேரமாச்சு, நேரமாச்சுய்யா, தண்ணிய ஊத்தி எடு" என்று கத்திக்கொண்டே இருந்தார். செல்லக்கிளி உள்ளே உட்கார்ந்து வாளியில் மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தாள். கருத்தக்கண்ணன் இறங்கினான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு வண்டியின் மூக்கருகே போனான்.

எழுந்ததும் நடந்ததும் அவளுக்கு நினைவில் இல்லை. அவன் கை மூடியின் மேல் படிகிறபோது அவளுடைய இரண்டு கையும் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தன.

"விடு தங்கச்சி. பாத்துத்தான் தொறக்கேன்."

அவள் விடவில்லை.

"அட, விடும்மா! அந்தாளு உசுர எடுக்காரு."

"ஆறட்டும்ணே."

அவன் இழுத்துப் பார்த்தான். குடம் சுமந்து சுமந்து உரமேறிய கை. அசையவில்லை. உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்டது. அவனும் நின்றான், அவளும் நின்றாள். வண்டிக்குள் சிரிப்புக் கிளம்பியது. "என்னப்பா, ட்ரைவருக்குக் கைப்பிடிக் கல்யாணமா?" என்று ஒருவன் கேட்டான். "மஞ்சளெல்லாம் பூசித்தான் பிடிச்சிருக்கு" என்றான் இன்னொருவன். அவள் அதைக் கேட்டாள். ரோட்டில் போகிற மாட்டுவண்டிச் சத்தத்தையும் கேட்டாள். இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. கொதி அடங்கிய பிறகுதான் கையை எடுத்தாள். தானே மூடியைக் கொஞ்சமாகத் தளர்த்தி, மிச்ச ஆவியைப் போகவிட்டுக் கழற்றினாள். என்ஜினை ஓடவிட்டு, தண்ணீரை நூலாக ஊற்றினாள். சுட்ட என்ஜினில் மடமடவென்று ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும். கச்சேரிக்காரர் அவளைத் திட்டிக்கொண்டேயிருந்தார். வண்டி போயிற்று. அவள் மறுபடி வாளிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள்.

கருத்தக்கண்ணனின் காக்கிச் சட்டைக் கையில் பத்து விரலும் மஞ்சளாகப் பதிந்திருந்தன. அதோடுதான் அவன் அன்று முழுவதும் வண்டி ஓட்டினான். மறுநாள் ஆனையூரில் அவன் மனைவி சின்னத்தாய் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்தாள். சோப்புப் பட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறிக்கொண்டது. ஏற்கெனவே அவள் காதில் நாலு பேச்சு விழுந்திருந்தது. ஈரச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு விளாங்குடிக்கு நடந்தே வந்துவிட்டாள்.

செல்லக்கிளி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறபோது சோலையம்மாளின் மடியில் அந்தச் சட்டை கிடந்தது. சின்னத்தாய் நடு வாசலில் நின்றிருந்தாள்.

"இது யாரு கையி? ஒம் மருமக கையா இல்லையா? கேளு!"

"நீதான் பிடிச்சியா?" என்றாள் சோலையம்மாள்.

"நான்தான் பிடிச்சேன்."

"எதுக்குடி?"

செல்லக்கிளி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டுமானால் மூடியிலிருந்து தொடங்க வேண்டும், சமயநல்லூரிலிருந்து தொடங்க வேண்டும். அம்மாம் பெரிய பேச்சை எங்கிருந்து எடுப்பது என்று தெரியவில்லை. அலுப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

சோலையம்மாள் உள்ளே போய் அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். செல்லக்கிளி பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். கரி மூட்டைகளுக்கு நடுவில் படுத்துத் தூங்கினாள். நன்றாகத்தான் தூங்கினாள்.

காலையில் பழைய வண்டியை அலசுகிற முறை. முந்தின நாளே சலவைச் சோடா ஊற்றி வைத்திருந்தாள். பேயாண்டி வந்து அவளையும் பெட்டியையும் பார்த்தார். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். ஆறட்டும் என்று அவள் காத்திருந்தபோதுதான் சோலையம்மாள் வந்தாள். கையில் விளக்குமாறு. யாரை அடிக்க வந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மகன் செத்த பிறகு அந்த வண்டியின் பக்கமே அவள் வந்ததில்லை.

கருத்தக்கண்ணன் ஷெட் வாசலில் அவளை மறித்தான். ராத்திரி மனைவியோடு சண்டை போட்ட முகம்.

"ஆத்தா, என்னய அடிக்கணும்னா அடி. ஆனா ஒண்ணு கேட்டுக்க. முந்தாநாளு ஒம் மருமக எங்கையப் பிடிக்கலன்னா, முத்திருளன் போன எடத்துக்கு நானும் போயிருப்பேன். எம்புள்ளைக மூணும் தெருவுல நிக்கும். வீட்லயும் அதத்தான் சொன்னேன்."

சோலையம்மாளுக்கு அது புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அவனைத் தாண்டி உள்ளே வந்தாள். அந்த நேரத்தில் செல்லக்கிளி ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்தாள். மஞ்சளும் சோடாவும் கலந்து, செக்கச் செவேலென்று தண்ணீர் கொட்டித் தரையில் ஓடியது. சோலையம்மாளின் கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது.

"என்னடி இது, ரத்தமா?"

"மஞ்சத் தண்ணித்தை. சோடா பட்டா செவந்துக்கிரும். ஆரத்தித் தண்ணி மாதிரி."

"எதுக்கு இதுக்குள்ள மஞ்சளு?"

"ஒழுகுது. அடைக்குறதுக்கு."

கிழவி குனிந்து பார்த்தாள். தண்ணீர் அவள் கால் வரைக்கும் வந்தது. நகரவில்லை. பிறகு வண்டியின் முகத்தை மெதுவாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இதுதானா?"

"இதுதான்."

"எப்பிடிச் செத்தான்? ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாக. வண்டி வெடிச்சிருச்சுன்னாக. நீ ஒண்ணுமே சொல்லலயே."

அப்போதுதான் செல்லக்கிளி சொன்னாள். வார் அறுந்தது, விசிறி நின்றது, தண்ணீர் கொதித்தது, ஜனங்கள் அவசரப்படுத்தியது, சாக்கை மடித்தது. மூடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று காட்டினாள். ஆவி எங்கே அடித்தது என்று தன் கழுத்தையும் மார்பையும் தொட்டுக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் அவன் கேட்ட கேள்வியைச் சொன்னாள். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சோலையம்மாள் தரையில் உட்கார்ந்து கேட்டாள். ஒப்பாரி வைக்கவில்லை. முடிந்ததும் எழுந்து, ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடலயே."

"இப்ப ஆறிருச்சுத்தை."

சோலையம்மாள் கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றாள். பிறகு கரி மூட்டைகளுக்கு நடுவில் கிடந்த தகரப் பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வா என்று கூப்பிடவில்லை. சாயந்தரம் செல்லக்கிளி போனபோது கதவு திறந்திருந்தது, அவள் பங்குச் சோறு மூடி வைத்திருந்தது.

ஊர்ப்பேச்சு உடனே அடங்கிவிடவில்லை. சின்னத்தாய் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒரு நாள் ஒரு கூடை கத்தரிக்காயை ஷெட்டில் வைத்துவிட்டுப் போனாள். சோலையம்மாள் மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டாள். கடையில் வாங்குகிற மஞ்சள்பொடியில் பாதி மண் என்று சொல்லி, விரலி மஞ்சளை வாங்கி இடித்துச் சலித்து, துணியில் முடிந்து மருமகளிடம் கொடுத்தனுப்பினாள். விளக்கு வைக்கிற நேரத்தில், "இன்னிக்குக் கொதிச்சுச்சா?" என்று கேட்பாள். இல்லை என்றால், "ம்" என்பாள். ஆமாம் என்றால், எந்த இடத்தில், ஆற எம்புட்டு நேரம் ஆச்சு என்று கேட்பாள். செல்லக்கிளி சொல்லுவாள். அவர்களுக்குள் வேறு பேச்சு இல்லாதிருந்த வீட்டில் அது ஒரு பேச்சாயிற்று.

சண்டை முடிந்த வருஷத்துக்கு மறுவருஷம் பெட்ரோல் மெல்ல மெல்ல வரத் தொடங்கியது. பீப்பாய்களைக் கழற்றிப் போட்டார்கள். பழைய வண்டிக்குப் புது ரேடியேட்டர் வந்தது. மஞ்சள் தேவைப்படவில்லை. செல்லக்கிளியின் கை சில வாரங்களில் பழைய நிறத்துக்கு வந்தது.

அந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு ஜனம் சாரை சாரையாகப் போயிற்று. இரண்டு வண்டியும் ஓய்வில்லாமல் ஓடின. சோலையம்மாள் ஒரு கலயத்தில் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். தகரத்தின் நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். கூழைக் கரைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சோலையம்மாள் சொன்னாள்:

"சின்னப்புள்ளையில சூடுன்னாலே ஆகாது அவனுக்கு. சோத்த முத்தத்துல கொண்டுபோயி வச்சுக்கிட்டு, காக்கா வெரட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பான்."

"எங்கிட்டயும் அப்பிடித்தான்" என்றாள் செல்லக்கிளி. "ரசத்த ஊதிக் குடுக்கச் சொல்லுவாரு."

சொன்ன பிறகு வாயில் இருந்த கூழை விழுங்க முடியவில்லை. சோலையம்மாள் வெங்காயத்தை உரித்து அவள் பக்கம் நகர்த்தினாள். செல்லக்கிளி விழுங்கினாள். ரோட்டில் ஹாரன் கேட்டது. கருத்தக்கண்ணன் கொதிக்கிற வண்டியை ஓரம் கட்டிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவள் கையைக் கழுவிக்கொண்டு குடத்தை எடுத்தாள்.